கடலூரிலிருந்து ஜெர்மனிக்கு மேற்படிப்பு: மதிப்பெண்ணுக்கு முன் காகிதங்களைச் சரிபாருங்கள்

என் தம்பி ஜெர்மனிக்குப் போயிருக்க வேண்டிய ஆண்டில் போகவில்லை. அடுத்த ஆண்டுதான் போனான். மதிப்பெண் போதாமல் இல்லை. பணமும் எப்படியோ புரட்டிவிட்டோம். அவன் பெயரோடு ஒட்டியிருந்த ஒற்றை இனிஷியல்தான் ஓர் ஆண்டைத் தின்றது. அந்த ஆண்டு முழுவதும் அவன் ஓசூரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். மஞ்சக்குப்பம் நீதிமன்ற வாசல், கல்லூரி அலுவலகம், வங்கி, சென்னை பஸ் என்று கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான். அதனால் இதை எழுத அவனைவிட எனக்கே உரிமை அதிகம்.

கடலூர், புதுச்சேரி, நெய்வேலிப் பக்கம் கல்லூரியில் படிக்கிறீர்களா? வீட்டில் உங்களுக்கு முன் யாரும் வெளிநாட்டில் படித்ததில்லையா? அப்படியானால் இது உங்களுக்குத்தான். ஜெர்மனியை நான் நெருங்கிப் பார்த்தேன், அதனால் அதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். மற்ற நாடுகளைப் பற்றித் தேவையான அளவுக்கு மட்டும்.

முதலில் காலக்கணக்கு. ஜெர்மனியில் குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்கும். அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில், அதாவது இறுதியாண்டில் நுழையும்போதே, வேலையைத் தொடங்க வேண்டும். ஜூன், ஜூலையில் பாஸ்போர்ட்டும் பெயர் சரிசெய்தலும். ஆகஸ்ட், செப்டம்பரில் ஆங்கிலத் தேர்வு. இறுதிக்கு முந்தைய பருவத்தின் முடிவு வந்தவுடன் சான்றிதழ் சரிபார்ப்பு. டிசம்பர் முதல் மே வரை விண்ணப்பங்கள். அனுமதி வந்ததும் பணம், விசா. 'கடைசித் தேர்வு முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்தால் அந்த அக்டோபரை மறந்துவிடுங்கள்.

1. எந்த நாடு என்பதைப் பணத்தைக் கேட்டு முடிவு செய்யுங்கள்

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. பருவத்துக்கு ஒருமுறை சில நூறு யூரோ வரை பங்களிப்புத் தொகை கட்டினால் போதும். பல ஊர்களில் பஸ், ரயில் பயணச்சீட்டும் அதிலேயே அடங்கிவிடும். ஆனால் 'ஜெர்மனி என்றாலே இலவசம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து முதுகலைப் படிப்புகளுக்குப் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. தனியார் பல்கலைக்கழகங்களின் கட்டணம் வேறு ரகம். முகவர்கள் பெரும்பாலும் உங்களைத் தள்ளிவிடப் பார்ப்பது அங்கேதான். ஏன் என்பதை ஆறாவது படியில் சொல்கிறேன்.

பிரிட்டனில் முதுகலை ஓராண்டில் முடியும். ஆனால் கல்விக் கட்டணத்தோடு ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணமும் விசாவின்போதே கட்ட வேண்டும். காட்ட வேண்டிய தொகை வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாட்கள் குறையாமல் இருக்க வேண்டும். 27ஆவது நாள் மாமா தன் பணத்தைத் திருப்பிக் கேட்டால் கதை முடிந்தது. கனடாவில் மாணவர்களுக்கு இருந்த விரைவு விசா வழி 2024 நவம்பர் 8 அன்று மூடப்பட்டுவிட்டது. பழைய யூடியூப் காணொளிகளைப் பார்த்து அதை இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருப்பவர்களை நானே சந்தித்திருக்கிறேன். அமெரிக்கா என்றால் விசாக் கட்டணம் 185 டாலர், மாணவர் பதிவுக்கு 350 டாலர். சென்னைத் தூதரகத்தில் நேர்முகத்துக்கும் போக வேண்டும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இயல்பாகவே பிரான்ஸ் நினைவுக்கு வரும். ஓர் எச்சரிக்கை: பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்து 95 வாங்கியதையும் பிரெஞ்சு தெரிவதையும் ஒன்றாக நினைத்துக்கொள்ளாதீர்கள். பிரெஞ்சு வழியில் முதுகலை படிக்க வழக்கமாக பி2 நிலை (ஆறு மொழிநிலைகளில் நான்காவது) கேட்பார்கள். சுஃப்ரேன் வீதியிலுள்ள அலியான்ஸ் பிரான்சேஸில் சேர்ந்து அடிப்படையிலிருந்து அந்த நிலைக்கு வர ஒன்றரை, இரண்டு ஆண்டுகளை ஒதுக்கிவையுங்கள். டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வுச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது என்பதால் இரண்டாம் ஆண்டிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பம் பிரெஞ்சு அரசின் 'கேம்பஸ் பிரான்ஸ்' அமைப்பு வழியாகத்தான் போகும். பிரெஞ்சுத் தூதரகத்தின் ஷார்பாக் உதவித்தொகையில் முதுகலைக்கு ஒரு பிரிவு உண்டு. இந்தியக் கல்லூரியில் படித்துக்கொண்டே பிரான்ஸில் ஆய்வகப் பயிற்சி பெறவும் ஒரு பிரிவு உண்டு. இரண்டாவது பிரிவைப் பற்றிக் கல்லூரிகளில் யாரும் வாய் திறப்பதில்லை. முழுப் படிப்புக்கும் போகத் துணிவில்லாதவர்கள் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாண்டு பி.எஸ்சி., பி.காம். படிப்பவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். மூன்றாண்டுப் பட்டத்தை எல்லா நாடுகளும் எல்லாப் பல்கலைக்கழகங்களும் முதுகலைக்குப் போதுமானதாக ஏற்பதில்லை. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் நான்காண்டுப் பட்டமே கேட்கின்றன. ஜெர்மனிக்கு 'அனபின்' என்ற அரசுத் தரவுத்தளம் இருக்கிறது. அதில் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரத்தைக் காட்டும் 'எச் பிளஸ்' குறி இருக்கிறதா, உங்கள் பட்டம் எப்படி மதிப்பிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பத்து நிமிட வேலைதான். அதைச் செய்யாமலேயே முகவருக்குப் பணம் கட்டியவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

2. பெயரும் இனிஷியலும்: இங்கேதான் வண்டி கவிழும்

நம் ஊர்ப் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கொண்டு காலம் தள்ளிவிடுகிறோம். உள்ளூரில் அது யாருக்கும் தொல்லையில்லை. வெளிநாட்டு விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தைப் பார்க்கும்போதுதான் வயிற்றைக் கலக்கும்.

ஒரு கற்பனைப் பெயரை வைத்துக்கொள்வோம். மதிப்பெண் பட்டியலில் 'க. அருண்', ஆதாரில் 'அருண் க', பாஸ்போர்ட்டில் 'அருண் கண்ணன்'. நமக்கு மூவரும் ஒருவர்தான். அங்கே கோப்பைத் திறக்கும் அதிகாரிக்கு மூன்று பேர். தம்பிக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுவே: பெயர் பொருந்தவில்லை, விளக்கம் தேவை என்று ஓர் இடத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. அதைச் சரிசெய்து அனுப்புவதற்குள் அவன் விண்ணப்பிக்கவிருந்த மூன்று பல்கலைக்கழகங்களின் கடைசி நாளும் கடந்துவிட்டது.

செய்ய வேண்டியது இதுதான். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதுங்கள். சொந்தப் பெயரை 'கிவன் நேம்' கட்டத்திலும் அப்பாவின் முழுப் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்திலும் போடுங்கள். குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விடலாம், விதி அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் பிறகு ஒவ்வொரு படிவமும் ஒவ்வொரு விதமாக அந்தக் காலி இடத்தை நிரப்பத் தொடங்கும். பாஸ்போர்ட் கையில் வந்தபின், அதில் இருக்கும் பெயர்தான் உங்கள் பெயர். ஆங்கிலத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, பல்கலைக்கழக விண்ணப்பம், விமான டிக்கெட் எல்லாவற்றிலும் அதே எழுத்து, அதே வரிசை.

புதிய பாஸ்போர்ட்டுக்கு (36 பக்கம்) ரூ. 1,500. தட்கல் என்றால் மேலும் ரூ. 2,000. புதுச்சேரியிலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் எந்த முகவரியைக் கொடுக்கப்போகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். போலீஸ் விசாரணைக்கு ஆள் வரும்போது நீங்கள் அந்த முகவரியில் இல்லையென்றால் அறிக்கை பாதகமாகப் போகும். மறுபடி அலைய வேண்டிவரும்.

மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரை மாற்ற முடியாதா என்று கேட்பீர்கள். முடியும், ஆனால் அது நெடும்பயணம். பெரும்பாலான இடங்களில் நோட்டரி முன்னிலையில் எடுத்த ஓர் உறுதிமொழிப் பத்திரமே போதும்: இன்னின்ன ஆவணங்களில் உள்ள இன்னின்ன பெயர்கள் எல்லாம் ஒரே நபரையே குறிக்கும் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். போதாது என்பவர்களுக்கு அரசிதழ் அறிவிப்பு இருக்கிறது. கடலூர்க்காரர்களுக்குத் தமிழ்நாடு அரசிதழ், புதுச்சேரிக்காரர்களுக்கு அவர்களுடைய அரசிதழ்.

மஞ்சக்குப்பத்தில் நீதிமன்றத்துக்கு அருகே முத்திரைத்தாளில் தட்டச்சு செய்துகொடுப்பவர் ஒருவரிடம் போனேன். அவர் வேகம் பார்க்க வேண்டியது. ஐந்து நிமிடத்தில் பத்திரம் தயார், வக்கீலின் முத்திரையும் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து விளக்கடியில் வைத்துப் படித்தேன். அப்பா பெயரின் ஆங்கில எழுத்தில் நடுவில் வர வேண்டிய இரண்டு 'என்' ஒன்றாகியிருந்தது. மூன்று பெயர்களை ஒன்றாக்கப் போன இடத்தில் நான்காவது பெயர் பிறந்துவிட்டது! மறுநாள் மறுபடி முத்திரைத்தாள், மறுபடி வரிசை. அங்கேயே நின்று, பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாக விரலால் தொட்டுப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். பின்னால் நிற்பவர் உச்சுக்கொட்டுவார், கொட்டட்டும்.

3. கல்லூரிக் காகிதங்கள்

தேவையானவை: 10, 12ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல்களும், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், தற்காலிகப் பட்டச் சான்று, பட்டம், பயிற்று மொழிச் சான்று, பல்கலைக்கழகம் தரும் டிரான்ஸ்கிரிப்ட் (எல்லாப் பருவ மதிப்பெண்களையும் தொகுத்துத் தரும் அதிகாரபூர்வத் தாள்), பாடத்திட்டம். அரியர் வைத்தவர்களுக்கு அரியர் விவரச் சான்று.

டிரான்ஸ்கிரிப்ட் பெரும்பாலும் கல்லூரியில் கிடைக்காது. பட்டம் தரும் பல்கலைக்கழகத்தில்தான் கேட்க வேண்டும். உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், கடலூரில் இது நிஜமான கேள்வி. இங்குள்ள கலை, அறிவியல் கல்லூரிகள் முன்பு திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2021க்குப் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டன. அதனால் ஒரே கல்லூரியில் படித்த அக்கா வேலூர்ப் பக்கம் சேர்க்காட்டுக்கும் தங்கை சிதம்பரத்துக்கும் போக வேண்டிவரும். பொறியியல் என்றால் பெரும்பாலும் அண்ணா பல்கலைக்கழகம். புதுச்சேரிக் கல்லூரிகளில் பல புதுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. டிரான்ஸ்கிரிப்ட் கேட்கும்போது ஐந்து பிரதிகளாகவே கேட்டு வாங்கிவிடுங்கள். இரண்டாம் முறை போகும் பஸ் செலவுக்கு அது தேவலை.

அதைவிட முக்கியம், டிரான்ஸ்கிரிப்ட்டில் தேர்ச்சி அளவுகோல் தெளிவாக இருக்கிறதா என்பது. ஜெர்மனியில் உங்கள் மதிப்பெண்ணை ஒரு சூத்திரத்தால் அவர்கள் அளவுக்கு மாற்றுவார்கள். உச்சப் புள்ளியிலிருந்து உங்கள் புள்ளியைக் கழித்து, அதை உச்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். அங்கே 1 மிகச் சிறந்தது, 4 வெறும் தேர்ச்சி. உங்கள் சராசரி 7.6, உச்சம் 10, தேர்ச்சிக்குக் குறைந்தது 5 என்றால் விடை 2.44. அதே 7.6க்குத் தேர்ச்சிப் புள்ளி 6 என்று எடுத்துக்கொண்டால் 2.8. பல முதுகலைப் படிப்புகள் 2.5க்கு மேல் போனால் கோப்பைத் திறப்பதே இல்லை. ஒரே மாணவர், ஒரே மதிப்பெண். பின்பக்கத்தில் அச்சாகியிருக்கும் ஒரு வரி உள்ளே விடுகிறது அல்லது வெளியே நிறுத்துகிறது. உங்கள் பாடத்திட்ட ஒழுங்குமுறையில் உண்மையான தேர்ச்சிப் புள்ளி எது என்று பார்த்து, அது காகிதத்தில் இருக்கும்படி செய்யுங்கள்.

பாடத்திட்டத்தையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். 'கணிதத்தில் இத்தனை, இயக்கவியலில் இத்தனை புள்ளி' என்று நிபந்தனை வைக்கும் படிப்புகள் உண்டு. உங்கள் பாடங்களின் உள்ளடக்கம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை கிரெடிட் என்று காட்ட வேண்டும். உங்கள் ஆண்டுக்குரிய பாடத்திட்டத்தை எடுத்து, துறைத்தலைவர் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். துறைத்தலைவர் மே மாதம் முழுவதும் விடைத்தாள் திருத்தப் போய்விடுவார். ஏப்ரலுக்குள் பிடியுங்கள்.

அப்போஸ்டில் பற்றி ஒரு வரி. நம் ஆவணம் வெளிநாட்டிலும் செல்லும்படி அரசு போட்டுத்தரும் முத்திரை அது. இந்திய ஆவணங்களின் அப்போஸ்டிலை ஜெர்மனி ஏற்பதில்லை. 'எல்லாவற்றுக்கும் அப்போஸ்டில் போட்டுத் தருகிறோம்' என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பிரான்ஸுக்கும் வேறு சில நாடுகளுக்கும் அது தேவைப்படலாம். அதையும் பல்கலைக்கழகமோ தூதரகமோ கேட்டபின் செய்தால் போதும்.

4. மொழித் தேர்வு

ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸுக்குக் கட்டணம் ஏறக்குறைய ரூ. 18,000. முடிவு இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். மொத்தத்தில் 6.5 கேட்கும் இடங்களில் ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தபட்சம் கேட்கிறார்களா என்று பாருங்கள். நம் பிள்ளைகள் வழுக்குவது எழுத்துப் பிரிவில்தான். ஆங்கில வழிப் படிப்பாக இருந்தாலும் ஜெர்மன் மொழி ஏ2 (இரண்டாம் நிலை) வரையாவது படித்துக்கொண்டு போங்கள். தம்பி படிக்காமல் போனான். முதல் மாதம் மளிகைக் கடையில் மைதாவுக்குப் பதில் உருளைக்கிழங்கு மாவை வாங்கி வந்து, சப்பாத்தி ஏன் பசையாகிறது என்று என்னிடம் வீடியோவில் கேட்டான்.

5. ஏ.பி.எஸ். சான்றிதழ்

2022 நவம்பர் 1 முதல் ஜெர்மன் மாணவர் விசாவுக்கு இந்தியர்கள் இந்தச் சான்றிதழைக் கட்டாயம் பெற வேண்டும். உங்கள் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று புது டெல்லியிலுள்ள அலுவலகம் சரிபார்த்துத் தருகிறது. கட்டணம் ரூ. 18,000. பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பிக்கும்போதே இதைக் கேட்கின்றன. ஆகவே 'விசாவுக்கு முன் எடுத்துக்கொள்ளலாம்' என்று ஒத்திப்போடாதீர்கள். சில வாரங்கள் பிடிக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கும் கோடையில் இன்னும் கூடும். இரண்டாம் படியில் சொன்ன உறுதிமொழிப் பத்திரத்தைக் கேட்கும் முன்பே இணைத்துவிடுங்கள்.

6. விண்ணப்பமும் முகவர்களும்

படிப்புகளைத் தேட, ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி.யின் தளமே போதும். கட்டணம், மொழி, கடைசி நாள் எல்லாம் அதில் இருக்கின்றன. குளிர்காலப் பருவத்துக்குப் பொதுவான கடைசி நாள் ஜூலை 15 என்பார்கள். ஆனால் வெளிநாட்டவருக்கான முதுகலைப் படிப்புகள் பலவற்றில் மார்ச், ஏப்ரல், மே மாதங்களிலேயே கதவு மூடிவிடும். பல பல்கலைக்கழகங்கள் 'யூனி-அசிஸ்ட்' என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக விண்ணப்பம் வாங்குகின்றன. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. ஐந்து இடம் என்றால் 195 யூரோ. ஆசைக்கு இரண்டு, தகுதிக்கு இரண்டு, பாதுகாப்புக்கு ஒன்று என்று பிரித்தோம். வந்தது 'தகுதி' ஒன்றும் 'பாதுகாப்பு' ஒன்றும்.

பரிந்துரைக் கடிதம் கேட்டால் பேராசிரியர், 'நீயே எழுதிக்கொண்டு வா தம்பி, கையெழுத்துப் போடுகிறேன்' என்பார். அவர் மீது குறையில்லை, நூறு பேர் கேட்கிறார்கள். ஆனால் கல்லூரி முகவரித் தாளில் இருக்க வேண்டும். அவருடைய கல்லூரி மின்னஞ்சல் முகவரி இருக்க வேண்டும். ஜிமெயில் முகவரியிலிருந்து வரும் கடிதங்களைச் சில இடங்கள் ஏற்பதில்லை. நோக்க அறிக்கையில் 'சிறு வயது முதலே இயந்திரங்கள் மீது எனக்குத் தீராத ஆர்வம்' என்று தொடங்காதீர்கள். இறுதியாண்டுத் திட்டப்பணியில் எது வேலை செய்யவில்லை, ஏன் என்று எழுதுங்கள். படிப்பவருக்கு அது போதும்.

இனி முகவர்கள். அவர்களில் நல்லவர்களும் இருக்கலாம். ஆனால் பலருக்குச் சம்பளம் தருவது உங்களைச் சேர்த்துக்கொள்ளும் தனியார் பல்கலைக்கழகம். 'எங்களிடம் சேவைக் கட்டணமே இல்லை' என்று குளிர்பானம் கொடுத்து உட்காரவைத்தால், கட்டணத்தை வேறு யாரோ கட்டுகிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். முகவரிடம் போகத்தான் வேண்டும் என்றால் மூன்று நிபந்தனைகள் வையுங்கள். அசல் சான்றிதழ்களைக் கையில் கொடுக்காதீர்கள். விண்ணப்பக் கணக்கு உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கடவுச்சொல்லில் இருக்க வேண்டும். அவர் மின்னஞ்சலில் திறந்தால் அனுமதிக் கடிதம் வந்ததே உங்களுக்குத் தெரியாமல் போகலாம். போலி வங்கி இருப்பு, போலி அனுபவச் சான்று என்ற பேச்சு வந்த நிமிடமே எழுந்துவிடுங்கள்.

7. பணம்

ஜெர்மனிக்கு முடக்கக் கணக்கு ஒன்று வேண்டும். முதல் ஆண்டின் வாழ்க்கைச் செலவாக 11,904 யூரோவை அதில் போட்டுவிட வேண்டும். அங்கே போனபின் மாதம் 992 யூரோ வீதம் உங்களுக்குத் திரும்பி வரும். யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 12 லட்சம். கட்டணம் இல்லாத படிப்புக்கு இதுதான் உண்மையான கட்டணம் என்று அப்பா சொன்னார்.

கடனுக்குப் போனபோது நடந்தது இது. மேலாளர் அனுமதிக் கடிதத்தை இரண்டு முறை புரட்டினார்.

"கல்விக் கட்டணம் எவ்வளவு அம்மா?"

"கட்டணம் இல்லை சார். அரசுப் பல்கலைக்கழகம்."

"கட்டணமே இல்லையா? அப்புறம் எதற்குக் கல்விக் கடன்?"

முடக்கக் கணக்கு என்றால் என்னவென்று தூதரகத் தளத்தின் பக்கத்தை அச்செடுத்துக் காட்டிய பிறகுதான் அவர் நாற்காலியில் சாய்ந்தார். கிளைகளில் பலருக்கு இது பழக்கமில்லாத கோப்பு. அந்தப் பக்கத்தையும் செலவுக் கணக்கையும் அச்செடுத்துக்கொண்டே போங்கள். 'வாழ்க்கைச் செலவுக்கும் கடன் உண்டு' என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி ரூ. 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்து அடமானம் கேட்பார்கள். வெளிநாட்டுப் படிப்பு என்றால் நம் பங்காக 15 சதவீதம் போட வேண்டும். சொத்து என்று வந்துவிட்டால் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது, வக்கீல் கருத்துரை, பொறியாளர் மதிப்பீடு என்று ஒரு ஊர்வலமே தொடங்கும். எங்கள் வீட்டுப் பட்டா தாத்தா பெயரிலேயே இருந்தது. வாரிசுச் சான்று, அத்தைகள் இருவரின் கையெழுத்து, பெயர் மாற்றம் எல்லாம் முடிய நான்கு மாதங்கள். கடன் விண்ணப்பத்துக்கு முன்பே, முடிந்தால் மூன்றாம் ஆண்டிலேயே, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அத்தைகளோடு சண்டை இருந்தால் அதையும் முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளுங்கள். விவசாய நிலத்தைப் பல வங்கிகள் அடமானமாக ஏற்பதில்லை.

சொந்தப் பணத்தை அனுப்பினால், ஒரு நிதியாண்டில் ரூ. 10 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி வரி பிடித்துக்கொள்ளும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு இந்தப் பிடித்தம் இல்லை.

உதவித்தொகையில், ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயல்நாட்டு உயர்கல்விக்கு ஆண்டுக்கு ரூ. 36 லட்சம் வரை தருகிறது. மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் இருக்கிறது. 35 வயதுக்குள், 60 சதவீத மதிப்பெண், குடும்ப ஆண்டு வருமானம் ரூ. 8 லட்சத்துக்குள் என்பவை அதன் நிபந்தனைகள். வருமானச் சான்றையும் சாதிச் சான்றையும் கையில் வைத்துக்கொண்டு காத்திருங்கள், அறிவிப்பு வந்தபின் ஓடாதீர்கள். டி.ஏ.ஏ.டி.யின் வளர்ச்சி சார்ந்த படிப்புகளுக்கான உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். படித்து முடித்தவுடன் போகிறவர்கள் அதை நம்ப வேண்டாம்.

முடக்கக் கணக்கை விட்டுவிட்டு, பாஸ்போர்ட், தேர்வு, ஏ.பி.எஸ்., விண்ணப்பங்கள், விசா, டிரான்ஸ்கிரிப்ட், விமான டிக்கெட், குளிர் உடை என்று எங்களுக்கு ஆன செலவு ஒன்றே முக்கால் லட்சம். அதில் பஸ்ஸுக்கும் நகலெடுக்கும் கடைக்கும் போனதை நான் எழுதிவைக்கவில்லை. எழுதியிருந்தால் அழுதிருப்பேன்.

8. விசா

படிப்புக்கான தேசிய விசாவுக்கு 75 யூரோ. இப்போது தூதரகத்தின் இணையதளத்திலேயே ஆவணங்களை ஏற்றலாம். கைரேகைக்கும் அசல்களுக்கும் சென்னைக்கு நேரில் போக வேண்டும். முன்பதிவு எளிதில் கிடைக்காது. அனுமதிக் கடிதம் வந்த அன்றே தொடங்கி, ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களை இதற்கென ஒதுக்குங்கள். புகைப்படம் 35க்கு 45 மில்லிமீட்டர், வெளிர் நிறப் பின்னணி. நம் ஊர் ஸ்டூடியோவில் வழக்கம்போல் நீலப் பின்னணியில் எடுத்துக்கொண்டு விடியற்காலை பஸ் ஏறியவர்கள் நாங்கள். சென்னையில் மறுபடி எடுத்ததற்கு, இங்கே கொடுத்ததைப்போல ஐந்து மடங்கு.

முன்பெல்லாம் விசா மறுக்கப்பட்டால் தூதரகத்துக்கே கட்டணமில்லாமல் மறுபரிசீலனைக் கடிதம் எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழி இல்லை. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லினில் நீதிமன்றம் போக வேண்டும். ஆகவே 'கேட்டால் கொடுத்துக்கொள்ளலாம்' என்று எந்தக் காகிதத்தையும் வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

9. புறப்படும் முன்

அனுமதி வந்த வாரமே மாணவர் விடுதிக்குப் பதிவு செய்யுங்கள், வரிசை நீளம். தனியார் வீடு என்றால் முன்பணம் மூன்று மாத வாடகை வரை கேட்கலாம். முடக்கக் கணக்கின் முதல் 992 யூரோ, அங்கே வங்கிக் கணக்குத் திறந்து முகவரி பதிந்த பிறகுதான் வரும். இடைப்பட்ட வாரங்களுக்கு 1,500 யூரோவாவது தனியாக வைத்திருங்கள். மருத்துவக் காப்பீட்டுக்கு மாதம் 140 முதல் 150 யூரோ போகும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

இறுதிப் பட்டம் பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகே வரும்; அதுவரை தற்காலிகச் சான்றை ஏற்பார்களா என்று பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். அசல் சான்றிதழ்கள் எல்லாம் கைப்பையில். பெட்டியில் போடவே போடாதீர்கள். தம்பியின் பெட்டி இரண்டு நாள் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. கோப்பு மட்டும் கடலூரிலிருந்து அவன் மடியிலேயே இருந்தது.

பெட்டியில் என்ன வைக்கலாம் என்று அம்மாக்கள் கேட்பார்கள். வெளியிலிருந்து வருபவர்கள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் விடுவதில்லை. ஆகவே நெய், பால்கோவா வேண்டாம். மீனுக்கு அந்தத் தடை இல்லை. உலர்ந்த மீனும் அதில் அடக்கம், 20 கிலோ வரை. கடலூர் முதுநகர் நெத்திலிக் கருவாட்டை மூன்று உறை போட்டுக் கட்டிக் கொடுத்தோம். சுங்கத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. விடுதியில் மேல்மாடிக்காரர்தான் கதவைத் தட்டினாராம்.